ஐந்து பைசா மிட்டாய்

(நமது சங்கத்தின் ஆதரவில் ஓசூரில் கூடிய ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி நிதியைப் பற்றியும் மாணவர் விடுதியைப் பற்றியும் அறிஞர் பலர் பேசியமர்ந்த இம்மேடையில், யாம் மிட்டாயைப் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். பெரியோர் சபையில் சிறுபிள்ளைத்தனமான விஷயமோ என்றும் ஐயுறலாம். ஆயினும் நாம் எல்லோரும் ஒரு காலத்தில் சிறுபிள்ளைகளாய் இருந்தவர்களே. அன்று நம் நாவிற் கரைந்தது சர்க்கரைதான். மனத்திற் கரையாமல் நின்றது யாது என்பதைச் சற்றே ஆராய்வது வீண் வேலையாகாது என்று கருதுகின்றோம்.

சில நாட்களுக்கு முன்னர் வீட்டுப் பழம்பெட்டியைத் துழாவியபொழுது ஓர் ஐந்து பைசா நாணயம் அகப்பட்டது. மூலை மழுங்கிய சதுர வடிவம். காற்றில் பறந்துவிடும் போன்ற அலுமினிய இலேசு. அதனை எம் பேரன் கையிற் கொடுத்தோம். "தாத்தா, இது எந்த விளையாட்டுக்கு உரியது?" என்று வினவினான். இது காசு என்றும், இதைக் கொண்டு மிட்டாய் வாங்கினோம் என்றும் கூறியபொழுது அவன் நம்பவில்லை. அவன் நம்பாததில் வியப்பொன்றும் இல்லை. 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் அணாக் கணக்கு ஒழிந்து ரூபாய்க்கு நூறு பைசா என்னும் கணக்கு வந்தது. 2011-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாளோடு இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்கள் யாவும் செல்லாதனவாயின. எம் பேரன் பிறந்தது அதற்குப் பின்னரே.

எம் பால்யத்தில் பள்ளிக்கூடத்திற்கு எதிரே ஒரு பெட்டிக்கடை இருந்தது. தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே தெருவிற் புழங்கும் ஊர் நம் ஓசூர் என்பது தாங்கள் அறிந்ததே. கடையைச் சிலர் அங்கடி என்போம்; கடைக்கார மூதாட்டியை எல்லோரும் அவ்வா என்போம். அவர் "ஏமி காவால?" என்று கேட்பார்; யாம் தமிழில் விடை பகர்வோம்; பின்னால் நிற்பவன் கன்னடத்தில் அவசரப்படுத்துவான். பலகையின்மேல் தகர மூடியிட்ட கண்ணாடிப் பாட்டில்கள் வரிசையாய் நிற்கும். ஒன்றில் ஆரஞ்சுச் சுளை போன்ற புளிப்பு மிட்டாய். மற்றொன்றில் வெல்லப்பாகும் தேங்காயும் சேர்த்துருட்டிய கமர்கட்டு. வேறொன்றில் கடித்தவுடன் பாகு வழியும் தேன் மிட்டாய். இன்னும் சூடமிட்டாய், பல்லி மிட்டாய், இலந்தை வடை, எள்ளுருண்டை எனப் பலவாம். தேர்த் திருவிழாக் காலத்தில், மூங்கிற் கழியின் உச்சியிலே பொம்மையைக் கட்டி, அதன் கீழே சுற்றிய ஜவ்வு மிட்டாயை இழுத்துக் கைக்கடிகாரமாகவும் மோதிரமாகவும் செய்து கொடுப்போர் வருவர். இவ்வூரில் 1980-களில் டைட்டன் கைக்கடிகாரத் தொழிற்சாலை வருவதற்கு முன்னரே ஓசூர்ச் சிறுவர் யாவரும் கடிகாரம் கட்டியவர்களே என்று யாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இவையெல்லாம் உள்ளூர்ச் சரக்கு. இவற்றிடையே வெளியூரிலிருந்து வந்த அதிசயம் ஒன்று உண்டு. அதுவே சூயிங்கம். பெங்களூரில் நேஷனல் பிராடக்ட்ஸ் கம்பெனியார் செய்த என்.பி. என்னும் சூயிங்கம், சுமார் நாற்பது கிலோமீட்டர் பயணஞ்செய்து, அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து எம் கடைக்கு வந்து சேரும். தின்றால் தீராத பண்டம் உலகில் உண்டென்பதை யாம் அன்றுதான் கண்டோம். இனிப்புப் போன பின்னும் மெல்லலாம், ஊதினால் குமிழாகும், வகுப்பு மணியடித்தால் மேசையின் அடியில் ஒட்டி வைத்து, மறுநாள் தேடி எடுப்போரும் இருந்தனர். விழுங்கினால் குடல் ஒட்டிக்கொள்ளும் என்றும் வயிற்றில் மரம் முளைக்கும் என்றும் தாய்மார் அச்சுறுத்துவர். அறியாமல் விழுங்கிவிட்டு இரவெல்லாம் உறங்காது கிடந்தோரில் யாமும் ஒருவர். அது சீரணமாகாவிடினும் பெரும்பாலும் தானே வெளியேறிவிடும் என்பதைப் பின்னாளில் மருத்துவர் சொல்லக் கேட்டு நிம்மதியடைந்தோம்.

மரம் முளைக்கும் என்ற அச்சுறுத்தலில் ஒரு சிறு உண்மை ஒளிந்திருந்தது. சூயிங்கம் முதலில் மரத்திலிருந்தே வந்தது. நம் கிருஷ்ணகிரித் தோட்டங்களிலும் காணும் சப்போட்டா மரம் மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கா ஆகிய நாடுகளுக்கு உரியது. அதன் பட்டையைக் கீறினால் வடியும் பாலைக் காய்ச்சியே, 1870-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தாமஸ் ஆடம்ஸ் என்பவர் நியூயார்க்கில் சூயிங்கம் செய்து விற்றார். ஊதிக் குமிழாக்கும் பபிள்கம்மை 1928-இல் பிலடெல்பியாவில் வால்டர் டீமர் என்பவர் உண்டாக்கினார். அவர் கணக்கு வேலை பார்த்து வந்தவர். அன்று அவர் கைக்குக் கிட்டிய சாயம் இளஞ்சிவப்பு ஒன்றே ஆனமையால், உலகமெங்கும் பபிள்கம் இளஞ்சிவப்பாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மரப்பாலின் இடத்தை இரசாயனப் பிசின்கள் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. அவ்வாவின் பாட்டிலுக்குள் இத்தனை தேசங்களின் கதை அடங்கியிருந்ததை யாம் அன்று எங்ஙனம் அறிவோம்!

நிற்க. அவையெல்லாம் எங்கே போயின? என்.பி.யை எம் பெட்டிக்கடைகளிற் கண்டு நெடுங்காலமாயிற்று. கம்பெனிகள் கைமாறிய வரலாறு பெரிது. நெல்லிக்குப்பத்தில் 1914-இல் தோன்றிய பாரி மிட்டாய்க் கம்பெனி 2004-இல் கொரியா தேசத்து லொட்டே கம்பெனியாரைச் சேர்ந்தது. நமக்கு அண்டையிலுள்ள சித்தூரில் 1952-இல் தோன்றிய நியூட்ரின், 2006-இல் கோத்ரெஜ் கம்பெனியார் கைக்கும், பின்னர் அமெரிக்க ஹெர்ஷி கம்பெனியார் கைக்கும் போயிற்று. மகாராஷ்டிரத்து ராவல்காவ் மிட்டாய்களின் பெயர்களை 2024-இல் ரிலையன்ஸ் கம்பெனியார் 27 கோடி ரூபாய்க்கு வாங்கினர். பார்லே கம்பெனியார் 2006-இல் நிறுத்திய ரோலா-கோலா என்னும் மிட்டாயை, அதனை மறவாதவர்கள் விடாது வேண்டிக் கேட்டதன் பேரில் 2019-இல் மீண்டும் செய்யலாயினர். வளர்ந்தோர் பலர் கூடி ஒரு மிட்டாய்க்காக மன்றாடினர் என்றால், இவ்வேக்கம் எம் ஒருவருக்கே உரியதன்று என்பது விளங்கும்.

கம்பெனிகள் கைமாறியது ஒரு காரணமே. மூல காரணம் காசு செத்ததுதான். ஐந்து பைசா செத்தவுடன் ஐந்து பைசா மிட்டாயும் உடன்கட்டை ஏறியது. பின்னர்க் கடைக்காரர் ஒரு ரூபாய்ச் சில்லறைக்குப் பதிலாக மிட்டாயைக் கொடுக்கும் வழக்கம் வந்தது. அதாவது, முன்பு காசைக் கொடுத்து மிட்டாய் வாங்கினோம். பின்பு மிட்டாயே காசாயிற்று. 2016-இல் தோன்றிய யு.பி.ஐ. முறையால் கைப்பேசியைக் காட்டியே காய்கறி வரை வாங்குகின்றோம். சில்லறையும் வேண்டுவதில்லை, சில்லறைக்கு ஈடான மிட்டாயும் வேண்டுவதில்லை. பெரியோருக்கு இது பெருஞ்சௌகரியம். ஆனால் குழந்தைக்குக் கைப்பேசிக் கணக்கு ஏது? நாணயம் ஒன்றே குழந்தையின் பணம். அது ஒழிந்தால் குழந்தை கடைக்காரரிடம் நேரே பேசும் உரிமையும் ஒழிகின்றது.

பழையன யாவும் நல்லன என்று யாம் சாதிக்க வரவில்லை. நுனியிற் சிவப்பிட்ட சிகரெட் மிட்டாயை உதட்டில் வைத்துப் புகை விடுவதுபோல் நடித்தோம்; அதில் எத்தனை பேர் பின்னாளில் மெய்யான சிகரெட்டைப் பிடித்தனரோ! உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆதரவில் 2003-இல் ஏற்பட்ட புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை, புகையிலைப் பொருளின் உருவத்தில் மிட்டாய் செய்து சிறுவர்க்கு விற்பதைத் தடுக்க வேண்டும் என்று நாடுகளுக்குச் சொல்கின்றது. சாயத்தின் கதையும் அத்தகையதே. துணிச் சாயமாகிய ரோடமின்-பி கலந்திருந்தமையால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டு அரசினர் பஞ்சு மிட்டாய் விற்பனையைத் தடை செய்ததைத் தாங்கள் பத்திரிகைகளிற் படித்திருப்பீர்கள். எம் நாக்கைச் சிவப்பாக்கி மகிழ்வித்தது எந்தச் சாயமோ, யார் கண்டார்!

அங்ஙனமாயின் நாம் ஏங்குவது எதற்கு? சர்க்கரை இன்றும் மலிவாகக் கிடைக்கின்றது. பெரிய அங்காடிகளில் மிட்டாய் வகை முன்னைவிடப் பன்மடங்கு பெருகியிருக்கின்றது. யாம் ஆழ்ந்து எண்ணிப் பார்த்துக் கண்டது இதுவே: வீட்டில் யாம் குழந்தை, பள்ளியில் யாம் மாணாக்கன், அவ்வாவின் பலகை முன்னர் மட்டுமே யாம் ஒரு மனிதன். கையிற் காசிருந்தது. எதை வாங்குவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் எமக்கே இருந்தது. ஒரு தேன் மிட்டாயா, இரண்டு புளிப்பு மிட்டாயா என்று யாம் நெடுநேரம் யோசிக்கையில் அவ்வா பொறுத்திருந்தார். பிழையாகத் தேர்ந்தெடுத்தால் நஷ்டமும் எம்முடையதே. கணக்கும் நாணயமும் பங்கிடுதலும் யாம் கற்ற முதற் பள்ளி அப்பலகையே.

அன்பர்களே! இவ்விடத்தில் ஒன்றை மறைத்துப் பேசினால் யாம் தங்களுக்கு உண்மையானவராக மாட்டோம். எம் வகுப்பிலே ஒரு தோழன் இருந்தான். ஊருக்கு வெளியேயுள்ள குடியிருப்பிலிருந்து வருபவன். யாம் பலகையில் முழங்கையை ஊன்றி நிற்போம். அவன் இரண்டடி தள்ளி நிற்பான். யாம் காசை அவ்வாவின் உள்ளங்கையில் வைப்போம். அவன் பலகையின் ஓரத்தில் வைத்துவிட்டு ஒதுங்குவான். அவனுக்குரிய மிட்டாய் காகிதத் துண்டில் மேலிருந்து விழும். அதே ஐந்து பைசா, அதே மிட்டாய். அவ்வா கொடியவர் அல்லர்; எங்கள் எல்லோரிடமும் அன்புடையவர். ஊர் வழக்கம் என்று அவரும் எண்ணினார், யாமும் எண்ணினோம். பின்னர்ப் பள்ளிச் சுவரின் மறைவில் அவனோடு ஒரே கமர்கட்டைக் கடித்துப் பங்கிட்டோம். ஆயினும் கடையின் முன்னர் ஒருநாளும் அவனை எம் பக்கத்தில் இழுத்து நிறுத்தியதில்லை. எமக்கு இனிய நினைவாகிய அப்பலகை அவனுக்கு என்ன நினைவோ என்று எண்ணுந்தோறும் வாயிலுள்ள தித்திப்புக் கசக்கின்றது.

இது பழங்கதை என்று ஆறுதல் கொள்ளவும் இயலவில்லை. 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலை அடுத்த பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்க வந்த ஆதிதிராவிடச் சிறுவர்களிடம் ஊர்க் கட்டுப்பாட்டைச் சொல்லிக் கடைக்காரர் ஒருவர் விற்க மறுத்த காட்சி நாடெங்கும் பரவியது. அவர் கைதாகிக் கடைக்கும் அதிகாரிகள் முத்திரையிட்டனர். வெறுங்கையோடு திரும்பிய அக்குழந்தைகளின் முகத்தை யார் மறக்க இயலும்? நமது அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, சாதி முதலியவற்றின் பேரால் எவருக்கும் மறுக்கத் தகாத இடங்களைக் கூறுமிடத்துக் கடைகளைப் பெயர் சொல்லியே குறிக்கின்றது. சட்டம் இயற்றிய பெரியோர் கடைப்பலகையை அற்பமென்று எண்ணவில்லை. நாம் மட்டும் எண்ணலாமா?

ஒரு சாதியாரின் சங்கத்தில் நின்று இதைச் சொல்வதை யாம் அறிந்தே செய்கின்றோம். சங்கம் என்பது தம்மவரை உயர்த்துவதற்கு. பிறரைத் தள்ளி நிறுத்துவதற்கன்று. நம் அங்கத்தினரில் கடை வைத்திருப்போர் பலர். அவர்களுக்கு யாம் செய்துகொள்ளும் விண்ணப்பம் மூன்று.

முதலாவது, குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில், ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயத்துக்கு வாங்கத்தக்க பண்டங்களை ஒரு தட்டில் வையுங்கள். பெற்றோரும் வாரம் ஒருமுறை சில நாணயங்களைக் குழந்தையின் கையிற் கொடுத்து, தாமே வாங்கி வரச் செய்யுங்கள்.

இரண்டாவது, சாயம் கலவாத கடலை மிட்டாய், எள்ளுருண்டை, கமர்கட்டு ஆகியவற்றை ஆதரியுங்கள். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது. பழம்பண்டம் புதுக்காலத்தில் வாழ இயலும் என்பதற்கு அதுவே சான்று. நம் மாவட்டத்தில் மாம்பழத்துக்குக் குறைவில்லை. 2025-இல் பெங்களூரா மாம்பழத்தின் விலை வீழ்ந்து விவசாயிகள் பட்ட துயரமும் நாம் கண்டதே. தெலுங்கர் மாமிடி தாண்ட்ரா என்று வழங்கும் மாம்பழத் தகட்டை நம் மகளிர் குழுக்கள் சுத்தமாகச் செய்து சிறு துண்டுகளாக்கி விற்பின், குழந்தைக்கும் நலம்; தோட்டக்காரருக்கும் ஒரு சிறு துணையாம்.

மூன்றாவதே முக்கியமானது. எக்குழந்தை வந்தாலும் காசை அதன் கையிலிருந்து நேரே தங்கள் கையில் வாங்குங்கள்; பண்டத்தை அதன் உள்ளங்கையில் வையுங்கள்; தேர்ந்தெடுக்கும் வரை பொறுத்திருங்கள். இதற்கு முதலீடு ஒரு பைசாவும் வேண்டுவதில்லை.

மறைந்த மிட்டாய்கள் மீண்டும் வரினும் வராவிடினும் குறைவில்லை. நம் கடைப்பலகையின் முன்னர் நிற்கும் ஒவ்வொரு குழந்தையும் முழங்கையை ஊன்றி நிற்குமாயின், எம் பால்யத்தில் இனித்தது எதுவோ அது திரும்பி வந்ததாகவே கொள்வோம். எம் தோழன் இன்று எங்குளனோ அறியோம். இச்சொற்கள் அவன் செவிக்கு எட்டுமாயின், அன்று பலகையின் முன்னர்க் கேட்கத் தவறிய மன்னிப்பை இன்று இச்சபை முன்னர்க் கேட்டுக்கொள்கின்றோம்.