பால் கொடுக்கும் நேரம் சட்டத்தில் இருக்கிறது, பிள்ளையைக் கிடத்த இடம் எங்கே?

(பளையில் நடைபெற்ற தென்னந்தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில், சங்கத்தின் மாதர் பிரிவு சார்பில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் சேமலாப நிதியைப் பற்றியும் காணி உறுதியைப் பற்றியும் நாங்கள் பலமுறை கூடிப் பேசியிருக்கிறோம். இன்று பேசப் போவது சின்ன விடயம்போலத் தெரியும். கைக்குழந்தைக்குத் துணி மாற்றவும் பால் கொடுக்கவும் ஓர் இடம் வேண்டும். அவ்வளவுதான். இதற்கும் ஒரு கூட்டமா என்று சிலர் சிரிக்கக்கூடும். ஆனால், பிள்ளை பிறந்த பிறகு வேலைக்கு வராமலே நின்றுபோன பெண்கள் உங்கள் தோட்டத்தில் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். அப்போது இது சின்ன விடயமாகத் தெரியாது.

தென்னந்தோட்டத்து வேலை எப்படியென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காய் பொறுக்க வேண்டும், குவிக்க வேண்டும், உரிக்க வேண்டும், புல் வெட்ட வேண்டும். அந்த நேரத்தில் பிள்ளை எங்கே இருக்கும்? மரத்தடியில் சாக்கை விரித்துக் கிடத்த முடியாது. எந்த நேரத்தில் காய் விழும், எந்த நேரத்தில் ஓலை விழும் என்று யாருக்கும் தெரியாது. எறும்பும் பாம்பும் வேறு. உரிக்கிற கொட்டிலின் மூலையில் கிடத்தினால் தும்புத் தூசி. பிள்ளை மலங்கழித்தால் மடியில் வைத்துத்தான் துணி மாற்ற வேண்டும். கை கழுவக் கிணற்றடிக்குப் போய்வர நேரமில்லை. அதே கையால்தான் பிறகு சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கிறோம், அதே கையால்தான் பிள்ளையைத் தூக்கிப் பால் கொடுக்கிறோம். பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால் "தாய் கவனமில்லை" என்று பேச்சு. தண்ணீரும் சவர்க்காரமும் இல்லாத இடத்தில் தாய் எவ்வளவுதான் கவனமாக இருக்க முடியும்?

இதனால் மூன்றில் ஒன்று நடக்கிறது. தாய் வேலையை விடுகிறாள். அல்லது பால் குடிக்கிற பிள்ளைக்குப் போத்தலைப் பழக்குகிறாள். அல்லது மூத்த பெண்பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் நின்று தம்பியைப் பார்க்கிறாள். மூன்றிலும் நட்டம் எங்கள் குடும்பத்துக்குத்தான்.

இங்கே இருப்பவர்களில் பலருடைய பெற்றோர் மலையகத்திலிருந்து வந்தவர்கள். 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களுக்குப் பிறகு கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வன்னிக்கு வந்தவர்கள். தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா என்று ஒன்று இருந்ததை உங்கள் அம்மாமார் சொல்லியிருப்பார்கள். காலையில் பிரட்டுக்குப் போகும்போது பிள்ளையை ஆயம்மாவிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பால் கொடுக்கிற நேரத்துக்கு மலையிலிருந்து இறங்கி வருவார்கள். அந்தக் காம்பரா நல்ல நிலையில் இருந்தது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பல தோட்டங்களில் இருட்டறையும் தொங்குகிற தொட்டிலும் மட்டுந்தான். ஆனாலும், பிள்ளைக்கு என்று ஓர் இடம் இருந்தது. கொழுந்து பறிக்கப் பெண்களின் கை வேண்டும், பெண்களின் கை வேண்டுமென்றால் பிள்ளைக்கு இடம் வேண்டும் என்பது தோட்டத்துரைக்கும் தெரிந்திருந்தது. இன்று அங்கே அவை சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாறியிருக்கின்றன, பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள்.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் கடல் கடந்து நீலகிரிக்குப் போன எங்கள் சொந்தங்களுக்கும் ஒரு சட்டம் இருந்தது. இந்தியாவின் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று விதித்தது. மலையிலும் இருந்தது, கடலுக்கு அப்பாலும் இருந்தது. வன்னிக்கு வந்தவர்களோடு மட்டும் பிள்ளைக்காம்பரா கூட வரவில்லை.

சரி, எங்களுக்குச் சட்டம் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம். 2018இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் விடுமுறை. அந்த விடுமுறை முடிந்து தாய் வேலைக்குத் திரும்பும்போது பிள்ளைக்கு மூன்று மாதங்கூட நிறைந்திருக்காது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று கிளினிக்கில் குடும்பநல மருத்துவமாது சொல்கிறார். நடுவில் இருக்கிற மூன்று மாதத்துக்கு என்ன செய்வது?

அதற்கும் அந்தச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. இதைக் கவனமாகக் கேளுங்கள், வீட்டுக்குப் போய் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்கிற பெண்ணுக்கு, ஒன்பது மணித்தியால வேலை நேரத்துக்குள் இரண்டு தடவை பாலூட்டும் இடைவேளை கொடுக்க வேண்டும். வேலைகொள்வோர் பிள்ளைக் காப்பகமோ பொருத்தமான வேறு இடமோ அமைத்துக் கொடுத்திருந்தால் ஒவ்வொரு தடவையும் குறைந்தது அரை மணித்தியாலம். அப்படி இடம் இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் குறைந்தது ஒரு மணித்தியாலம். சாப்பாட்டு இடைவேளை வேறு, இது வேறு. ஒன்றில் மற்றதைக் கழிக்க முடியாது.

இப்போது முதலாளியின் பக்கத்தில் நின்று கணக்குப் பார்ப்போம். ஒரு தோட்டத்தில் பால் கொடுக்கிற தாய்மார் ஐந்து பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடம் இல்லையென்றால் ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் கொடுக்க வேண்டும். இடம் இருந்தால் ஐந்து மணித்தியாலம் போதும். ஆகவே, அறை கட்டுவது தர்மம் செய்வதல்ல, அவருக்கும் இலாபம். எங்களுக்கும் அப்படித்தான். உரித்த காய்க்கு எண்ணிக்கைப்படி கூலி வாங்குகிற பெண்ணுக்கு வீட்டுக்கு ஓடிப்போய் வருகிற ஒவ்வொரு மணித்தியாலமும் குறைகிற காசு. பிள்ளை பக்கத்தில் இருந்தால் அந்த ஓட்டம் மிச்சம்.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. வேலை தற்செயலானது, அவ்வப்போது வந்து போகிற வேலை என்று கணக்கில் எழுதப்பட்ட பெண்ணை இந்தச் சட்டம் சேர்ப்பதில்லை. வருடக்கணக்கில் ஒரே தோட்டத்தில் வேலை செய்தும் கைக்காசுக் கணக்கில் மட்டும் இருக்கிறவர்கள் எங்களுக்குள் எத்தனை பேர்? அதனால்தான் செக்ரோலில் பெயர் வேண்டும் என்று சங்கம் விடாமல் கேட்கிறது. பெயர்ப் பதிவு சேமலாப நிதிக்கு மட்டுமல்ல, உங்கள் பிள்ளையின் பாலுக்கும் அதுதான் சாட்சி.

தோட்டத்துக்கு வெளியிலும் இதே கதைதான். மாதா மாதம் கிளினிக்குக்குப் போகிறோம், சந்தைக்குப் போகிறோம், பேருந்துக்கு நிற்கிறோம். 2014 மார்ச்சில் யாழ்தேவி பளை வரை வந்தபோதும், அதே வருடம் ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை போனபோதும் மகிழ்ந்தோம். பாதை வந்தது, ரயில் வந்தது. கைப்பிள்ளையோடு இறங்குகிற பெண்ணுக்குத் துணி மாற்ற ஒரு பலகை இன்னும் வரவேண்டியிருக்கிறது. கொழும்பில் பெரிய கடைத்தொகுதிகளில் இதற்கென்றே அறைகள் வைக்கிறார்கள். காசு செலவழிக்க வருகிறவர்களின் பிள்ளை மட்டுந்தான் பிள்ளையா? பொதுச் சுகாதாரமும் பொது வசதிகளும் பிரதேச சபையின் பொறுப்பு என்று 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஆகவே அங்கே போய்க் கேட்பது பிச்சையல்ல.

தமிழ்நாட்டில் 2015 ஓகஸ்டில், தாய்ப்பால் வாரத்தையொட்டி, அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா முந்நூறுக்கும் மேற்பட்ட பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்துவைத்தார். நல்ல காரியம். ஆனால் பிறகு அவற்றில் பல பூட்டிக் கிடப்பதாகவும், சாமான் போடும் அறையாகிவிட்டதாகவும் பத்திரிகைகளில் செய்தி வந்தது. 2025 பெப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றமும் பொது இடங்களில் இத்தகைய அறைகள் வேண்டும் என்று வலியுறுத்த வேண்டியிருந்தது. இதில் எங்களுக்குப் பாடம் இருக்கிறது. திறப்புவிழாவோடு வேலை முடியாது. திறப்பு யாரிடம் இருக்கும், தினமும் யார் கூட்டிக் கழுவுவார்கள், அவருக்கு யார் கூலி கொடுப்பார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இன்னொன்று. எங்கள் வீடுகளில் தாய் வெளிநாடு போய், தகப்பனும் அம்மம்மாவும் வளர்க்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பெண்கள் பகுதிக்குள் மட்டும் பலகையை வைத்தால் பிள்ளையோடு வந்த தகப்பன் எங்கே போவான்? அமெரிக்காவில் 2016 ஒக்டோபரில் ஜனாதிபதி ஒபாமா கையெழுத்திட்ட சட்டம், மத்திய அரசின் பொதுக் கட்டடங்களில் ஆண்கள் பகுதி, பெண்கள் பகுதி இரண்டிலும் துணி மாற்றும் வசதி வேண்டும் என்று சொன்னது. பால் கொடுக்க மறைவான அறை பெண்களுக்கு. துணி மாற்றும் பலகை இரு பாலாருக்கும். அப்படித்தான் கேட்க வேண்டும்.

பளிங்கு பதித்த அறை யாரும் கேட்கவில்லை. இடுப்பளவு உயரத்தில் ஒரு பலகை, பிள்ளை உருளாமல் நான்கு பக்கமும் சட்டம், துடைக்கக்கூடிய விரிப்பு, ஒரு குழாய், சவர்க்காரம், மூடியுள்ள குப்பைவாளி, உட்பக்கம் தாழ்ப்பாள், ஒரு நாற்காலி. தென்னம் பலகைக்கும் பளையில் பஞ்சமில்லை, தச்சருக்கும் பஞ்சமில்லை.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் மூன்று. முதலாவது, ஒவ்வொரு தோட்டத்திலும் வேலைத்தலத்துக்குப் பக்கத்தில் பிள்ளைக்கு ஓர் அறை. அது வரும்வரை சட்டப்படி இரண்டு தடவை ஒவ்வொரு மணித்தியாலம், கூலி வெட்டாமல். இரண்டாவது, தொடர்ந்து வேலை செய்கிற பெண்கள் எல்லோருக்கும் பெயர்ப் பதிவு. மூன்றாவது, பேருந்து தரிப்பிடத்திலும் சந்தையிலும் ரயில் நிலையத்திலும் துணி மாற்றும் வசதி, அதைத் துப்புரவாக வைத்திருக்கக் கூலியோடு ஓர் ஆள்.

இனிச் செய்ய வேண்டியது உங்கள் கையில். ஒவ்வொரு கிளையின் மாதர் தலைவியும் தன் தோட்டத்தில் ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் எத்தனை, ஐந்து வயதுக்குக் குறைந்தவர்கள் எத்தனை, தாய்மாரில் பெயர் பதியாதவர்கள் யார் என்று எழுதி அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். அந்தப் பட்டியலோடுதான் முதலில் தோட்ட நிர்வாகத்திடம் போவோம். அங்கே முடியாவிட்டால் தொழில் திணைக்களம். பிரதேச சபைக்குப் போகும் மனுவில் ஆண்களும் கையெழுத்து வைக்க வேண்டும். அன்றைக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வீட்டில் விட்டுவிட்டு வரவேண்டாம்.