ஊருக்கு ஒரு மணி
(வடபழனியில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு நிகழ்த்திய உபந்நியாசம்)



வடபழனி ஆண்டவர் சந்நிதியில் முகூர்த்த நாட்களில் விவாகங்கள் பல நடைபெறுகின்றன. முற்காலத்தில் "காலை ஆறு மணிக்கு முகூர்த்தம்" என்று பத்திரிகையில் அச்சிட்டால் போதும். பந்துக்கள் பெரும்பாலும் வண்டியிலோ ரயிலிலோ வந்து சேரும் தூரத்தில் இருந்தனர். இன்றோ மணமகளின் தமையன் சிங்கப்பூரிலும், சிற்றப்பா லண்டனிலும், அத்தை நியூயார்க்கிலும் இருக்கக்கூடும். வர இயலாதவர்கள் கைபேசியின் மூலமாகவேனும் மாங்கலியதாரணத்தைக் கண்டு ஆசி கூற விரும்புகின்றனர். அந்த ஒரு நிமிஷம் தவறினால் மீண்டும் வராது. ஆகையால் ஊர்களின் மணிக்குள்ள பேதத்தை அறிந்திருத்தல் அவசியம்.

இப்பேதம் ஏன் உண்டாகிறது? பூமி தன்னைத் தானே சுற்ற 24 மணி நேரம் ஆகிறது. வட்டத்திற்கு 360 பாகை. ஆகவே ஒரு பாகைக்கு 4 நிமிஷம். ஆறு பாகைக்கு ஒரு நாழிகை. கிழக்கேயுள்ள ஊரில் உச்சிப்பொழுது முந்தி வரும். மேற்கேயுள்ள ஊரில் பிந்தி வரும்.

வடபழனிக்கு வடகிழக்கே, நுங்கம்பாக்கத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792ஆம் வருஷத்தில் வானாராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவினர். தமிழிலும் எழுத்துப் பொறித்த அதன் கருங்கல் தூண் இன்றும் அங்கே நிற்கிறது. அவ்விடம் கிரீனிச்சுக்குக் கிழக்கே சுமார் 80¼ பாகை. நான்கால் பெருக்கினால் 321 நிமிஷம், அதாவது 5 மணி 21 நிமிஷம். இதுவே பழைய சென்னை மணி. பம்பாய் மணி இதற்கு அரை மணி பிந்தியும், கல்கத்தா மணி அரை மணிக்குச் சற்று அதிகமாக முந்தியும் இருந்தன. ஸ்டேஷனுக்கு ஒரு மணி என்றால் ரயில் ஓட்ட முடியுமா? இரண்டிற்கும் நடுவே நின்ற சென்னை மணியையே ரயில்வேக்கள் பொது மணியாகக் கொண்டன. 1906 ஜனவரி 1ஆம் தேதி முதல், கிரீனிச்சுக்கு 5½ மணி முந்திய இந்திய மணி அமுலுக்கு வந்தது. சென்னைக் கடிகாரங்கள் ஏறக்குறைய 9 நிமிஷம் முன்னே தள்ளப்பட்டன. கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் தங்கள் பழைய மணியை முற்றும் விடவில்லை. அவரவர் சொந்த மணியைச் சிறிது விட்டுக்கொடுத்த பின்பே யாவருக்கும் பொது மணி கிடைத்தது. கூட்டுறவின் தத்துவமும் இதுவே அல்லவா?

ஆயினும் மணியைத் தீர்மானிப்பது சூரியன் மாத்திரமன்று, அரசாங்கமுந்தான். சூரியக் கணக்கில் சிங்கப்பூர் கிரீனிச்சுக்கு ஏழு மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாகவே முந்தியிருக்க வேண்டும். ஆனால் 1982 முதல் அங்கே 8 மணி நேரம் முந்திய கணக்கே வழங்குகிறது. இலங்கை 1996இல் தன் கடிகாரத்தை முன்னே தள்ளி, 2006இல் மறுபடியும் இந்திய மணிக்கே திரும்பிற்று. லண்டனிலும் நியூயார்க்கிலும் கோடையில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, பின்னர் பழையபடி வைக்கின்றனர்.

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு வடபழனியில் முகூர்த்தம் என்று வைத்துக்கொள்ளலாம். அப்பொழுது சிங்கப்பூரில் காலை 8½ மணி. லண்டனில் நடுநிசி கழிந்து 1½ மணி. நியூயார்க்கிலோ சனிக்கிழமை இரவு 8½ மணிதான்! அத்தை ஞாயிறு காலை எழுந்து பார்த்தால் கலியாண விருந்தும் முடிந்திருக்கும். அதே முகூர்த்தம் தை மாதத்தில் என்றால், லண்டனிலும் நியூயார்க்கிலும் இன்னும் ஒரு மணி நேரம் குறைத்துக்கொள்ள வேண்டும்.

ஆதலின் நான்கு விதிகளை அனுஷ்டித்தல் நலம். முதலாவது, மணியைச் சொல்லும்போது எந்த ஊர் மணி என்பதையும் சொல்லவேண்டும். இரண்டாவது, இரு ஊர் மணிகளையும் அருகருகே எழுதவேண்டும். மூன்றாவது, தேதியையும் கிழமையையும் சேர்த்தே குறிக்கவேண்டும். நான்காவது, மார்ச்சு, அக்டோபர், நவம்பர் மாதங்களில் லண்டனும் நியூயார்க்கும் வெவ்வேறு ஞாயிறுகளில் கடிகாரத்தை மாற்றுவதால், குறித்த நாளுக்கு முந்திய வாரத்தில் மறுபடியும் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வெளிநாட்டு வியாபாரியுடன் சரக்கு விலை பேசும் சங்கத்திற்கும் இவ்விதிகளே பொருந்தும். கலியாணப் பத்திரிகையிலும் சங்கக் கடிதத்திலும் ஒரு வரி அதிகமாக எழுதுவதால் நஷ்டம் ஒன்றுமில்லை. அவ்வொரு வரி, கடல் கடந்து காத்திருப்போரை உரிய நேரத்தில் கொண்டுவந்து சேர்க்கும்.