எண்ணூர் லாரியும் ஜஹீராபாத் லாரியும்

(மாரெட்பள்ளியில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இருப்புப் பாதையில் ஊழியம் செய்யும் நாம் லாரியைப் பற்றிப் பேச முற்பட்டது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். மாமியார் மெச்சிய மருமகள் இல்லை. ரயில்வேக்காரர் மெச்சிய லாரியும் இல்லை. ஆயினும் சரக்குக் கொட்டகையின் வாயிலோடு நமது தண்டவாளம் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் மூட்டையை வீடு சேர்ப்பது லாரியே. மாற்றல் உத்தரவு வந்த நாளில் நம் அண்டா குண்டாக்களைச் சுமந்து வந்து இக்காலனியில் இறக்கியதும் அதுவே. அதன் வரலாற்றை நாம் அறிவது தகும்.

அமெரிக்காவில் 1948-ஆம் ஆண்டு ஃபோர்டு நிறுவனத்தார் ‘எஃப்’ வரிசை என்னும் பார வண்டிகளை வெளியிட்டனர். முன்னே ஓட்டுநர் அறை, பின்னே திறந்த தொட்டி. அரை டன் வண்டி முதல் பெரிய லாரி வரை அதில் அடக்கம். பல தலைமுறைகள் கண்டும் அவ்வரிசை இன்னும் அற்றுப் போகவில்லை. 1977 முதல் அந்நாட்டில் மிகுதியாக விற்கும் பார வண்டி அதுவே.

அதே 1948-இல்தான் ரகுநந்தன் சரண் என்பார், தம் மைந்தன் அசோக்கின் பெயரால், அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். சென்னைக்கு வடக்கே எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களும், 1950-இல் பிரிட்டனின் லேலண்ட் நிறுவனத்தோடு உடன்படிக்கை ஆன பின்னர் ‘காமெட்’ லாரிகளும் உருவாயின. தொடக்கத்தில் அங்கு நடந்தது பூட்டும் வேலையே. கப்பலில் வந்த பெட்டிகளைத் திறந்து பாகங்களைப் பொருத்துவார்கள், அவ்வளவுதான். பின்னர், படிப்படியாக இங்கேயே பாகங்களைச் செய்ய அரசாங்கம் அனுமதித்தது. 1955-இல் நிறுவனம் அசோக் லேலண்ட் ஆயிற்று. இன்று பிரிட்டனில் லேலண்ட் என்ற பெயருடன் புதிய லாரி வருவதில்லை. அப்பெயரைத் தாங்கி ஓடுவன நம் நாட்டு லாரிகளே! கடன் வாங்கியவர் கையில் பெயர் நிலைத்தது. கொடுத்தவர் கையில் நிலைக்கவில்லை.

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். 1942-இல் தோன்றிய ஹைதராபாத் ஆல்வின் நிறுவனத்தை இங்கு அறியாதார் யார்? பேருந்துக்குக் கூடு கட்டியது. குளிர்ப்பெட்டியும் கைக்கடிகாரமும் செய்தது. 1980-களில் அது ஜப்பானின் நிஸ்ஸானோடு கூடி, மும்பை சாலையிலுள்ள ஜஹீராபாத்தில் ‘கேப்ஸ்டார்’ என்னும் இலகுரக லாரியை உருவாக்கியது. நல்ல வண்டிதான். ஆனால் முக்கிய பாகங்கள் ஜப்பானிலிருந்து வர வேண்டியிருந்தன. 1985-க்குப் பின் யென் நாணயத்தின் மதிப்பு மளமளவென்று உயர்ந்தது. வண்டியின் அடக்க விலையும் உடன் ஏறியது. அத்தசாப்தம் முடிவதற்குள் தொழிற்சாலை மஹிந்திராவின் கைக்கு மாறியது. ஆல்வின் என்ற பெயரும் நாளடைவில் வண்டியை விட்டு நீங்கியது.

அதே நிஸ்ஸானோடு அசோக் லேலண்டும் பின்னாளில் கூட்டுச் சேர்ந்தது. 2011-இல் ஓசூரிலிருந்து ‘தோஸ்த்’ என்னும் சிறு பார வண்டி வெளிவந்தது. ஒன்றேகால் டன் சுமப்பது. 2016-இல் கூட்டு கலைந்தது. ஆயினும் தோஸ்த் நின்றுவிடவில்லை. இன்றும் நம் தெருக்களில் காய்கறி கொண்டுவருகிறது.

அன்பர்களே, இரவல் வாங்குவது இழிவன்று. இரவல் பொருளைச் சொந்தக் கையால் செய்யக் கற்காமல் இருப்பதே ஆபத்து. இது லாரிக்கு மட்டுமன்று, நமக்கும் பொருந்தும். நம் குழந்தைகளின் தமிழ், கோடை விடுமுறையில் பாட்டி வீட்டிலிருந்து ஆண்டுக்கொருமுறை வரும் உதிரிப் பாகமாகவே இருக்குமாயின், பாட்டிக்குப் பின் அது எங்கிருந்து வரும்? தமிழ் இங்கேயே, இம்மாரெட்பள்ளியிலேயே உருவாக வேண்டும். சங்கத்தின் ஞாயிறு வகுப்பு வேண்டும். அதனினும் முதலில், அடுப்பங்கரையிலும் சாப்பாட்டு வேளையிலும் பேச்சு வேண்டும். தெலுங்கும் உருதும் நன்றாகக் கற்கட்டும்; அவை நம்மைத் தாங்கும் மண். அம்மண்ணில் தமிழையும் நம் கையாலேயே செய்து தருவோமாக.