நற்செய்தி சொல்லாமல் விட்டதும் திரை காட்டியதும்



இயேசுவின் பிறப்பைச் சொல்லும் திரைப்படங்களைப் பற்றி இந்தக் கருத்தரங்கில் பேசப்போகிறோம். நீங்கள் அனுப்பிய கட்டுரைச் சுருக்கங்களை எல்லாம் படித்தேன். பலவும் ஒரே கேள்வியில் தொடங்குகின்றன: இந்தப் படம் விவிலியத்தில் உள்ளபடி இருக்கிறதா? கேள்வி தேவையானதுதான். ஆனால் அதோடு நின்றுவிட்டால் இந்தப் படங்களின் உயிர்நாடியைத் தொடாமலே கலைந்துபோவோம் என்று அஞ்சுகிறேன். விவிலியம் எதைச் சொல்லாமல் விட்டது, அந்த இடத்தில் இயக்குநர் எதைக் கொண்டுவந்து வைத்தார் என்று கேட்போம். நான் பார்த்தவரையில் படங்கள் தம் உண்மையான முகத்தைக் காட்டுவது அங்கேதான்.

மாற்கும் யோவானும் பிறப்பைச் சொல்வதே இல்லை. மத்தேயுவும் லூக்காவும் சொல்வது இரண்டு வேறு கதைகள். மத்தேயுவில் யோசேப்பின் கனவு, விண்மீன், கீழ்த்திசை ஞானிகள், ஏரோதின் வெறி, எகிப்துக்கு ஓட்டம். ஞானிகள் அங்கே ஒரு வீட்டுக்குள் நுழைகிறார்கள். மூன்று பேர் என்று மத்தேயு எண்ணிச் சொல்லவில்லை. லூக்காவில் கபிரியேலின் வருகை, எலிசபெத்து, குடிக்கணக்கு, தீவனத் தொட்டி, இடையர்கள். ஏரோதின் கொலை அங்கே கிடையாது. மாடும் கழுதையும் இரண்டு பிறப்புக் கதைகளிலும் இல்லை. குகையும் மருத்துவச்சியும் 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த யாக்கோபின் முதல் நற்செய்தி என்ற நூலிலிருந்து வந்தவை. திருச்சபை அதை விவிலியத்தில் சேர்க்கவில்லை. 1223இல் இத்தாலியின் கிரேச்சோவில் அசிசி நகரப் பிரான்சிஸ் வைக்கோல் பரப்பி, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் கிறிஸ்துமஸ் கொண்டாடினார். நம் வீடுகளில் டிசம்பரில் வைக்கும் குடில் இவை எல்லாவற்றின் கூட்டு. பெரும்பாலான படங்கள் நற்செய்தியைவிட இந்தக் குடிலுக்கே கடன்பட்டவை.

பிரசவத்தை லூக்கா ஒரே வசனத்தில் முடித்துவிடுகிறார். பெற்றாள், துணியில் சுற்றினாள், தொட்டியில் கிடத்தினாள். அந்தப் பெண் எவ்வளவு நேரம் துடித்தாள், யார் உடனிருந்தார்கள், பயந்தாளா? ஒரு சொல்லும் இல்லை. எழுத்து அப்படிக் கடந்துபோகலாம். கேமரா போக முடியாது. அது எங்காவது பார்த்தே ஆகவேண்டும், அல்லது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். ஒரு நூற்றாண்டாகப் பெரும்பாலும் திருப்பிக்கொண்டிருக்கிறது. இந்தத் துறையில் நாம் ஆராயவேண்டிய முதற்பொருள் இதுவென்று நம்புகிறேன்.

இதற்குச் சமயக் காரணமும் உண்டு. மரியா நோவின்றி ஈன்றாள் என்பது கத்தோலிக்க மரபில் ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை. 14ஆம் நூற்றாண்டில் ஸ்வீடன் நாட்டுப் பிரிஜித்தா கண்ட காட்சியில் மரியா முழந்தாளிட்டு நிற்கக் குழந்தை ஒளி வீசிக் கிடக்கிறது. பிறகு வந்த ஓவியர்கள் பலர் அதையே தீட்டினார்கள். சினிமா அந்த ஓவியங்களைப் பார்த்துப் படித்தது. 1925இல் வந்த ‘பென்-ஹர்’ மௌனப்படம் பெத்லகேம் காட்சியை அந்தக் காலத்து இருவண்ண டெக்னிகலரில் எடுத்தது. மரியாவாக வந்த பெட்டி பிரான்சன் முகத்தைச் சுற்றி ஒளி. பார்ப்பவர் கைகூப்பலாம், ஆனால் அங்கே ஒரு பிள்ளை பிறந்ததாகத் தோன்றாது.

அந்த நம்பிக்கையை மதித்தே இதைச் சொல்கிறேன். நோவைக் காட்டவில்லை என்பது என் குறை ஆகாது. மரியாவை ஓர் ஆளாகவே காட்டாமல் விட்டதுதான் குறை.

தொடக்க காலத்தில் நிலைமை இவ்வளவு மோசமில்லை. 1906இல் பிரான்சின் கோமோன் நிறுவனத்துக்காக அலிஸ் கீ கிறிஸ்துவின் வாழ்க்கையை 25 காட்சிகளாக எடுத்தார். ஜேம்ஸ் டிஸ்ஸோவின் விவிலிய ஓவியங்களே அவருக்கு முன்மாதிரி. 1912இல் அமெரிக்காவின் கேலம் நிறுவனம் ‘தீவனத் தொட்டியிலிருந்து சிலுவை வரை’ என்ற படத்துக்காக எகிப்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் போனது. இயக்கியவர் சிட்னி ஆல்காட். கதையை எழுதி மரியாவாகவும் நடித்தவர் ஜீன் கான்டியர். எகிப்துக்கு ஓடிய குடும்பத்தை உண்மையான ஸ்பிங்க்ஸின் முன்னால் நிறுத்தி எடுத்தார்கள். இந்தக் கதையை முதலில் திரைக்குக் கொண்டுவந்தவர்களில் இரண்டு பெண்கள் இருந்தார்கள் என்பதை நம் வரலாறுகள் ஓரக்குறிப்பாகத்தான் வைத்திருக்கின்றன.

இனி இத்தாலிய இயக்குநர் பசோலினி. அவரைப் பற்றிச் சற்று நின்று பேச விரும்புகிறேன். 1964இல் வந்த ‘மத்தேயு நற்செய்தி’ மத்தேயுவை மட்டுமே பின்பற்றுகிறது. இடையர்களையும் தொட்டியையும் லூக்காவிடம் கடன் வாங்கவில்லை. பாலஸ்தீனத்தை நேரில் போய்ப் பார்த்தார். அது நவீனமாகிவிட்டது என்று கண்டு, தென் இத்தாலியின் வறண்ட ஊர்களிலும் மத்தேரா குகைவீடுகளிலும் படமெடுத்தார். தொடக்கத்தில் ஓர் இளம்பெண்ணின் முகம். பிறகு யோசேப்பின் முகம். மறுபடி அவள் முகம். கேமரா விலகும்போதுதான் அவள் கர்ப்பிணி என்று தெரிகிறது. யாரும் ஒன்றும் பேசுவதில்லை. யோசேப்பு வெளியேறி நடக்கிறார், குழந்தைகள் விளையாடும் இடத்தில் களைத்துத் தூங்குகிறார், வானதூதர் வருகிறார். நேர்மையாளராகிய யோசேப்பு அவளை மறைவாக விலக்கிவிட எண்ணினார் என்று மத்தேயு ஒரு வரியில் சொன்னதைப் பசோலினி மூன்று முகங்களில் சொல்லிவிட்டார். அவமானம், ஐயம், விளக்க முடியாத தவிப்பு, எல்லாம் அந்த மௌனத்தில் இருக்கின்றன. பிரசவத்தை அவரும் காட்டவில்லை. மத்தேயுவும் காட்டவில்லையே! ஆனால் அவருடைய மரியா ஓர் ஊரில் வாழும் பெண். ஊர்வாய்க்கு அஞ்சவேண்டிய பெண். ஞானிகள் வரும்போது பாடகி ஓடெட்டாவின் குரலில், தாயற்ற பிள்ளையின் துயரைச் சொல்லும் கறுப்பின மக்களின் பாட்டு ஒலிக்கிறது. பெத்லகேமின் ஏழ்மை அந்தக் குரலில் எங்கெங்கோ உள்ள அடிமைகளின் ஏழ்மையோடு சேர்ந்துகொள்கிறது. இறைநம்பிக்கை இல்லாத ஒரு மார்க்சியர் இதைச் செய்தார்; மறைந்த திருத்தந்தை 23ஆம் யோவானின் நினைவுக்கு அதைக் காணிக்கையாக்கினார். பிறப்புப் படங்களில் இதற்கு இணையான இன்னொன்றை நான் பார்த்ததில்லை.

சிபிரெல்லியின் 1977 தொலைக்காட்சித் தொடரில் வானதூதர் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரவில் சாளரத்தின் வழியே ஒளி விழுகிறது, மரியா அதனோடு பேசுகிறாள். நல்ல தீர்வு. கோதாரின் 1985 படம் மரியாவை இக்காலப் பெட்ரோல் பங்க்கில் நிறுத்தியது; எதிர்ப்பு கிளம்பியது, திருத்தந்தை இரண்டாம் ஜான்பால் கண்டித்தார். அந்தச் சண்டையை ஒரு கட்டுரை விரிவாகப் பேசவிருப்பதால் நான் தொடவில்லை.

கேத்தரின் ஹார்ட்விக் இயக்கிய ‘தி நேட்டிவிட்டி ஸ்டோரி’ 2006 நவம்பர் 26 அன்று வத்திக்கானின் ஆறாம் பவுல் அரங்கில் திரையிடப்பட்டது. அங்கே முதற்காட்சி கண்ட முதல் கதைப்படம் அது. பசோலினி போன மத்தேராவிலேயே அதன் ஒரு பகுதியையும் எடுத்தார்கள். வரிவசூல், வயல்வேலை, ஊரார் பார்க்கும் பார்வை, பெண்பிள்ளையைக் கேட்காமலே பேசிமுடிக்கும் கலியாணம் என்று நாசரேத்து வாழ்க்கை கண்முன் நிற்கிறது. எலிசபெத்தின் பிரசவத்தை மரியா அருகிலிருந்து பார்க்கிறாள். தனக்கு வரப்போவது என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. அருமையான கற்பனை. பெத்லகேமில் மரியாவும் வலியில் துடிக்கிறாள். கத்தோலிக்கர் சிலர் அதை ஏற்கவில்லை. எனக்கு வருத்தம் வேறு இடத்தில். கடைசியில் விண்மீனின் ஒளிக்கற்றை குகைக்குள் இறங்க, இடையர்களும் ஞானிகளும் ஒன்றாகக் கூட, அதுவரை நாம் உடன் நடந்த பெண் வாழ்த்து அட்டைக்குள் போய்விடுகிறாள். மத்தேயுவையும் லூக்காவையும் ஒரே கூரையின் கீழ் அடைக்கும் பழக்கம் அந்தப் படத்தின் உழைப்பைக் கடைசி நிமிடங்களில் விழுங்கிவிட்டது.

இந்த இடத்தில் ஈரானியப் படம் ஒன்றை முன்வைக்கிறேன். ஷஹ்ரியார் பஹ்ரானி 2000இல் இயக்கிய ‘மர்யமே முகத்தஸ்’, அதாவது புனித மர்யம். குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்தில் யோசேப்பு இல்லை, தொழுவம் இல்லை. பிரசவ வலி மர்யமை ஒரு பேரீச்சை மரத்தடிக்குத் துரத்துகிறது. இதற்குமுன் செத்திருக்கலாமே என்று புலம்புகிறாள். லூக்கா சொல்லாமல் விட்ட வலி அங்கே மூலநூலிலேயே இருக்கிறது. கிறிஸ்தவ இயக்குநர்கள் மரபை மீறிக் காட்டவேண்டியிருந்ததை, முஸ்லிம் இயக்குநர் ஒருவர் மரபுக்குள் நின்றே காட்ட முடிந்தது. இந்த இரண்டு மரபுகளையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வு தமிழில் வரவேண்டும்.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் துய்போன் என்ற பிரெஞ்சுக்காரரிடம் வாங்கிய படச்சுருள்களில் இயேசுவின் வாழ்க்கையும் ஒன்று. அதை எடுத்துக்கொண்டு அவர் ஊர் ஊராகப் போனார். சில ஆண்டுகள் கழித்துப் பம்பாயில் கிறிஸ்துவின் வாழ்க்கைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இந்தியத் திரைப்பட முன்னோடி பால்கே, தம் மனத்தில் கண்ணனும் இராமனும் ஓடியதாகப் பின்னாளில் எழுதினார். 1918இல் அவர் எடுத்த படம் ‘ஸ்ரீகிருஷ்ண ஜன்மா’. கம்சனுக்கும் ஏரோதுக்கும் உள்ள ஒற்றுமையை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு மரபின் பிறப்புக் காட்சி இன்னொரு மரபின் பிறப்புக் காட்சிக்கு வழிதிறந்த விதத்தைப் படச்சுருள்களையும் விளம்பரங்களையும் பழைய பத்திரிகைகளையும் வைத்து யாராவது பொறுமையாக ஆராய வேண்டும்.

கட்டுரை படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்தப் படத்தை எடுத்தாலும் குழந்தை பிறக்கும் அந்த நிமிடத்தில் கேமரா எங்கே இருக்கிறது, யார் முகத்தைப் பார்க்கிறது என்று ஷாட் ஷாட்டாகக் குறித்து எங்களுக்குச் சொல்லுங்கள். கதைச்சுருக்கம் வேண்டாம், அது எல்லாருக்கும் தெரியும். முதல் அமர்வு மௌனப்படங்களைப் பற்றியது. அலிஸ் கீயின் 1906 படத்திலிருந்து பெத்லகேம் காட்சிகளைத் திரையிட்டுவிட்டுத் தொடங்குகிறோம்.