நின்று வழிகாட்டும் நட்சத்திரம்
(ஆதரவாளர் கூடுகையில் அளித்த செய்தி)



வழிகாட்டும் நட்சத்திரத்தை ஆங்கிலத்தில் ‘லோட்ஸ்டார்’ என்பார்கள். ‘லோட்’ என்ற பழைய சொல்லுக்கு வழி, பயணம் என்று பொருள். கடலோடிகளுக்கு வடதிசை காட்டிய நட்சத்திரத்துக்கு, அது செய்த வேலையை வைத்து வந்த பெயர் அது.

நாமோ அதைத் துருவ நட்சத்திரம் என்கிறோம். ‘த்ருவ’ என்னும் வடமொழிச் சொல்லுக்கு அசையாதது, உறுதியானது என்று பொருள். இது குணத்தை வைத்து வந்த பெயர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அது நிலையாக நிற்பதால்தான் வழிகாட்டுகிறது என்பது விளங்கும்.

நம் காஞ்சிபுரத்து முகூர்த்தப் பட்டை உடுத்தி எத்தனையோ பெண்கள் மணமேடை ஏறுகிறார்கள். வைதீகத் திருமணங்களில் மணமக்களுக்கு அருந்ததியோடு துருவனையும் காட்டுவது பழைய வழக்கம். இல்லறம் அசையாமல் நிலைக்க வேண்டும் என்பதே அதன் கருத்து.

துருவ நட்சத்திரம்தான் வானத்திலேயே பிரகாசமானது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அதைவிடப் பிரகாசமானவை 40க்கும் மேல் உண்டு. காஞ்சிபுரம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 13 பாகையில் இருப்பதால், இங்கே அது அடிவானத்திலிருந்து 13 பாகை உயரத்தில்தான் தெரியும். வடக்கு நோக்கிக் கையை நீட்டி விரல்களை மடக்கினால், ஒன்றேகால் முட்டி உயரம். எதிர்வீட்டு மாடியே மறைத்துவிடும். ஆனால் மற்ற நட்சத்திரங்கள் சுற்றிவர, அது ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறது.

சாஸ்திரிகளுக்கு முன் சென்ற நட்சத்திரமும், பிள்ளை இருந்த இடத்துக்கு மேலே வந்து நின்றது என்று மத்தேயு எழுதுகிறார்.

காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை 6 மாதம். சில வாரங்களில் இருமல் தணிந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. தறியில் உட்கார்ந்தால்தான் கூலி என்கிற வீட்டில், மருத்துவமனைக்கு வரும் நாள் கூலியில்லாத நாள். ஆனால் பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பலாம். மருந்துக்கு அடங்காமலும் போகலாம். ஆகவே ஆறாம் மாதத்திலும் அதே வாசல் திறந்திருக்க வேண்டும், பெயர் சொல்லி விசாரிக்கும் செவிலியர் அங்கே இருக்க வேண்டும்.

பிரியமானவர்களே, சிறிதானாலும் மாதந்தோறும் தவறாமல் வரும் உங்கள் காணிக்கையும் இப்படிப்பட்டதே. அடுத்த மாதமும் மருந்து இருக்கும் என்று நோயாளிக்கு நாங்கள் துணிந்து சொல்ல முடிவது அதனால்தான். கர்த்தர் உங்களை நிலைநிறுத்துவாராக.