தலையெழுத்தும் புழுதி விதைப்பும்



கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கரிசல் கிராமம் இடைசெவல். 1923ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், ஒரு வார இடைவெளியில், கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர் அது. தாம் மழைக்காகத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதாகவும், அங்கேயும் பாடத்தைக் கவனியாமல் மழையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டதாகவும் கி.ரா. வேடிக்கையாகச் சொன்னதுண்டு. வானம் பார்த்த பூமியில் மழையைப் பார்ப்பதும் ஒரு படிப்புதான்.

அதே பூமியில் நாம் அடிக்கடி கேட்கும் சொல் 'தலையெழுத்து'. மழை பொய்த்தால் தலையெழுத்து. பருத்தி விலை சரிந்தால் தலையெழுத்து. "அழிச்சா எழுத முடியும்?" என்று பெருமூச்சு விடுகிறோம். நம் முன்னோரும் இதைச் சொன்னவர்கள்தான். ஆனால் எப்போது சொன்னார்கள்?

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, புரட்டாசியில், காய்ந்த மண்ணில் விதைப்பது கரிசல்காட்டு வழக்கம். புழுதி விதைப்பு என்கிறோம். மழை விழுந்துவிட்டால் கரிசல் களியாகிக் காலைப் பிடித்துக்கொள்ளும். ஏரும் இறங்காது, டிராக்டரும் இறங்காது. முதல் நல்ல மழையிலேயே கம்பும் சோளமும் உளுந்தும் முளைக்க வேண்டுமானால், விதை முன்கூட்டியே மண்ணுக்குள் இருக்க வேண்டும். மழை வரும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. இருந்தும் விதைத்தார்கள். விதைத்து முடித்த பிறகே, "இனி ஆண்டவன் விட்ட வழி" என்றார்கள்.

ஆகவே, தலையெழுத்து என்பதை வேலைக்குப் பின் சொன்னால் அது பணிவு. வேலைக்கு முன் சொன்னால் சோம்பல். அடுத்தவர் துன்பத்தைப் பார்த்துச் சொன்னால் அது பாவம்.

இந்த மூன்றாவதுதான் நம்மைச் சுட வேண்டும். இளம் வயதில் கணவனை இழந்தவளை, "அவள் வாங்கி வந்த வரம்" என்கிறோம். படிப்பை விட்டுத் தீப்பெட்டி ஆலைக்குப் போகும் பிள்ளையை, "அதற்கு எழுதியது அவ்வளவுதான்" என்கிறோம். அப்படிச் சொன்னதும் நம் கடமை முடிந்துவிடுகிறது. அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் நாம் ஒளிந்துகொள்கிறோம்.

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம் என்று ஆண்டவரிடம் கேட்டார்கள் (யோவான் 9). இயேசு அந்தக் கணக்கை ஏற்கவில்லை. பகல் இருக்கும்போதே செய்யவேண்டிய வேலையைப் பற்றிப் பேசினார்; உடனே குனிந்து மண்ணைக் குழைத்தார். சீடர்கள் கடந்த காலத்தைத் தேடினார்கள். இயேசு எதிரே இருந்த மனிதரைப் பார்த்தார்.

காற்றையே பார்த்துக்கொண்டிருப்பவர் விதைக்கமாட்டார் என்று சபை உரையாளரும் எச்சரிக்கிறார் (11:4). ஜாதகக் கட்டத்தில் நாளையைத் தேடுவதைத் திருச்சபையின் மறைக்கல்வி ஏற்பதில்லை. நாளை கடவுளின் கையில் இருக்கிறது. இன்றைய பொழுதை அவர் நம் கையில் தந்திருக்கிறார். 2015இல் எழுதிய 'லௌதாதோ சி' சுற்றுமடலில் திருத்தந்தை பிரான்சிஸ், நிலத்தை விற்பனைப் பொருளாக அல்ல, கடவுளின் கொடையாகக் காணும் பூர்வகுடி மக்களை மதிக்கச் சொல்கிறார். அடுத்தது என்ன என்று பரபரக்காமல், முன்னால் இருப்பவருக்கு முழுமையாகச் செவிகொடுக்கவும் அழைக்கிறார். ஒரு பிடி மண்ணை அள்ளிப் பதம் பார்த்த நம் பாட்டன்மாருக்கு அந்தக் கவனம் கைவந்திருந்தது. மனிதரிடமும் அதைக் காட்டுவதே நம் பங்கு.

இந்த வாரம், "தலையெழுத்து" என்று நாம் ஒதுக்கிவைத்த ஒருவரின் வீட்டுக்குப் போவோம். பள்ளியை விட்ட பிள்ளையா, கடனில் தவிக்கும் குடும்பமா, யாராக இருந்தாலும், உட்கார்ந்து கேட்போம். நம்மால் ஆனதைச் செய்வோம். மீதியை ஆண்டவரிடம் விடுவோம்.

ஆண்டவரே, விதைக்கும் கைகளையும், காத்திருக்கும் மனத்தையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.