திரையில் பிரெஞ்சு உடை: உலகியலும் நாடகமும்

வரலாற்றுத் திரைப்படத்தில் உடை வெறும் அணியன்று. காலத்தைச் சுட்டும் சான்றாகும். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சைக் காட்டும் படங்களில் இச்சான்று எத்துணை மெய்யானது என்னும் வினா, கவிதை புனைவோர்க்கும் உரிய வினாவே.

தொல்காப்பியர் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டைச் சுட்டி, அவற்றின் கூட்டிலேயே புலனெறி வழக்கத்தைக் காண்பார். திரையுடைக்கும் இவ்வளவுகோல் பொருந்தும்.

உலகியல் முதற்கண் நோக்கத்தக்கது. அக்கால அரசவைப் பெண்டிர் 'ரோப் ஆ லா பிரான்சேஸ்' என்னும் நீளங்கியை அணிந்தனர். அதன் முதுகில் தோளினின்று தரைவரை மடிப்புகள் வழிந்தன. இடுப்பின் இருமருங்கும் 'பானியே' என்னும் சட்டகம் பாவாடையை அகலச் செய்தது. அச்சொல்லின் பொருள் கூடை என்பதாம். மார்பை மூடிய தனித்துண்டு ஊசிகளால் குத்தப்பட்டது. தையல் எந்திரம் அன்று இல்லை. தையல் முழுதும் கைவினையே. 1856இல் பெர்க்கின் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டறிவதற்கு முன், துணிக்கு நிறமூட்டியவை செடி, பூச்சி முதலிய இயற்கைப் பொருள்களே.

1938இல் வெளிவந்த 'மரி அந்துவானெத்' என்னும் ஹாலிவுட் படத்தில் நார்மா ஷீரரின் உடைகளை ஏட்ரியன் வடிவமைத்தார். அகன்ற பாவாடை அரசியின் காலத்தது. முகவொப்பனையும் பளபளப்பும் முப்பதுகளின் நட்சத்திரப் பொலிவைச் சேர்ந்தவை. 1988இல் வந்த 'டேஞ்சரஸ் லயசன்ஸ்' வேறு வகையினது. ஜேம்ஸ் ஏச்சிசனுக்கு ஆஸ்கார் விருது பெற்றுத்தந்த அப்படம், பணியாளர் உடுத்திவிட இருவர் ஆயத்தமாகும் காட்சியில் தொடங்கி, ஒருத்தி தன் ஒப்பனையைத் துடைத்தெடுப்பதில் முடிகிறது. அங்கே உடை ஒரு போர்க்கவசம். உடுத்தும் முறையின் துல்லியமே கதையின் பொருளாகிறது.

துல்லியம் ஏன் வேண்டும் என்பதற்கு ஓர் ஓவியமே சான்று. 1783ஆம் ஆண்டுப் பாரிஸ் கலைக்காட்சியில், அரசி மரி அந்துவானெத்தை எளிய வெண்மஸ்லின் உடையில் தீட்டிய விழே லெ பிரனின் படம் வைக்கப்பட்டது. அரசி உள்ளாடையில் காட்சி தருகிறாள் எனக் கண்டனம் எழவே, அப்படம் அகற்றப்பட்டது. பட்டுடுத்திய படம் அதனிடத்தில் வந்தது. அயல்நாட்டுப் பருத்தியை விரும்பி லியோன் நகரப் பட்டு நெசவாளரைக் கைவிட்டாள் என்றும் பழித்தனர். ஐரோப்பா அன்று விரும்பிய மென்மையான மஸ்லின் இந்தியத் தறிகளினின்றும் சென்றது. இந்தியாவின் வண்ணப் பருத்தித் துணிகளுக்குப் பிரான்சு 1686 முதல் 1759 வரை தடை விதித்திருந்தது. சோழமண்டலக் கரையின் சாயத்துணிகளும் அத்தடைக்கு உட்பட்டவையே. பட்டு எது, பருத்தி எது என அறியாத திரைக்கலைஞர் இப்பூசல் முழுவதையும் இழந்துவிடுவார்.

சோஃபியா கொப்போலாவின் 2006ஆம் ஆண்டுப் படத்தில், மிலேனா கனோனேரோவின் உடைகளுக்கிடையே, இக்காலக் கான்வாஸ் காலணி ஒருகணம் தோன்றி மறைகிறது. இது வழுவன்று, அரசி இன்னும் சிறுபெண்ணே என்னும் குறிப்பு. சூழ்ந்துள்ள பட்டும் மடிப்பும் மெய்யாக இருப்பதாலேயே அக்குறிப்புப் புலனாகிறது.

எனவே, அறிந்து மீறுவது நாடக வழக்கு. அறியாது மீறுவது வழு. 1938இன் படைப்பாளருக்குத் தம் காலத்துப் பொலிவு தம் கண்ணுக்கே தெரியவில்லை. பழங்கால மாந்தரைப் பாடும் கவிஞர்க்கும் இவ்விடர் உண்டு. அவர்தம் வாயில் இன்றைய உள்ளம் பேசுகிறதா, அன்றைய உள்ளம் பேசுகிறதா என ஒவ்வொரு சொல்லையும் வினவுதல் கவிஞர் கடன்.